ஏரிக்கரையை மறவாத புரவலர்

கொடை இருவகைப்படும். நிறைந்திருப்பவர் தம் நிறைவிலிருந்து எடுத்து வழங்குவது ஒருவகை. ஒருகாலத்தில் கையேந்தி நின்றவர், அந்நாளை மறவாமல், தம்மைப் போலவே கையேந்தி நிற்கும் அடுத்த தலைமுறைக்கு வழங்குவது மற்றொரு வகை. முன்னது ஈகை, பின்னதோ ஈகையும் செய்ந்நன்றியும் ஒன்றாய்க் கலந்தது. நிறுவனங்களின் கல்வெட்டுகளில் முன்னவர் பெயர்களே மிகுதியாகக் காணப்படும். ஆயினும், அந்நிறுவனங்களால் விளைந்த பயன் யாது என்று வினவுவோர்க்கு விடையாக நிற்பவர் பின்னவரே ஆவர்.

அமெரிக்க நாட்டின் யூதக் கோடை முகாம்களின் வரலாற்றில் அத்தகைய விடையாக நின்றவர் எடி கேண்டர் என்னும் நகைச்சுவைக் கலைஞர். நாடக மேடையிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் அவர் பெற்ற புகழைப் பலரும் எழுதியுள்ளனர். நியூயார்க் மாநிலத்தில் ஒரு மலைச்சாரல் ஏரியின் கரையில் அமைந்த ஏழைச் சிறுவர் முகாமுக்கும் அவருக்கும் இருந்த உறவோ அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவரது வாழ்வின் திறவுகோல் அவ்வுறவிலேயே இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றுப் புகாத வீதிகள்

1881-ஆம் ஆண்டில் உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டார். அதனையடுத்து அந்நாட்டு யூதர்கள்மீது வன்முறை கட்டவிழ்த்து விடப்பட்டது. ஊர்கள் சூறையாடப்பட்டன, உரிமைகள் பறிக்கப்பட்டன. வறுமையும் அச்சமும் துரத்த, அம்மக்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினர். 1881-ஆம் ஆண்டுக்கும் முதல் உலகப்போர் மூண்ட 1914-ஆம் ஆண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 இலட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் முதலில் ஒதுங்கிய இடம் நியூயார்க் நகரின் கீழைக் கிழக்குப் பகுதியாகும். 1910-ஆம் ஆண்டளவில் அச்சிறு நிலப்பரப்பில் வாழ்ந்த யூதர் தொகை மட்டுமே 5 இலட்சத்தை எட்டியிருந்தது.

உலகிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களுள் ஒன்றாக அது திகழ்ந்தது. அதன் பத்தாம் வட்டாரத்தில் ஓர் ஏக்கர் நிலத்தில் எழுநூறு பேருக்கும் மேல் அடைந்து கிடந்தனர். ஐந்தாறு மாடிகள் கொண்ட அடுக்குக் குடியிருப்புகளில் உள்ளறைகள் பலவற்றிற்குச் சாளரமே இல்லை. பகலில் தையற்பொறிகள் ஓடும் அறையே இரவில் படுக்கையறை ஆயிற்று. காசநோய் வீடுதோறும் நுழைந்தது. அதனைத் 'தையற்காரர் நோய்' என்றே மக்கள் அழைத்தனர்.

கோடைக் காலத்தில் துன்பம் இருமடங்காகும். 1896-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் வீசிய வெப்ப அலையில் அந்நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகுதியானோர் இத்தகைய அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளரே. உள்ளே உறங்க இயலாமல் கூரைமீது படுத்தவர்களில் சிலர் உறக்கத்தில் உருண்டு விழுந்து உயிரிழந்த கொடுமையும் நிகழ்ந்தது. அந்நாளில் நகரின் காவல்துறை ஆணையர்களுள் ஒருவராக இருந்தவரும், பின்னாளில் நாட்டின் அதிபரானவருமான தியோடோர் ரூசவெல்ட், ஏழைகளுக்குப் பனிக்கட்டி வழங்க ஏற்பாடு செய்தார். பனிக்கட்டி ஒரு நாழிகையில் உருகிவிடும். குழந்தைகளுக்குத் தேவைப்பட்டது நல்ல காற்று.

முகாம் பிறந்த கதை

நகரக் குழந்தைகளைக் கோடையில் நாட்டுப்புறத்துக்கு அனுப்பும் முயற்சி அமெரிக்காவில் முன்னரே தொடங்கியிருந்தது. 1877-ஆம் ஆண்டில் வில்லர்டு பார்சன்ஸ் என்னும் கிறித்துவப் போதகர் நியூயார்க் நகரின் ஏழைக் குழந்தைகள் சிலரைப் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கவைத்தார். நற்காற்று நிதியம் எனும் தொண்டு அதிலிருந்தே வளர்ந்தது. யூதக் குடும்பங்களுக்கோ ஒரு தயக்கம் இருந்தது. தம் சமய உணவு நெறி பேணப்படுமா? ஓய்வுநாள் வழிபாடு நடைபெறுமா? பிள்ளை திரும்பி வரும்போது தம் பிள்ளையாகவே திரும்புவானா? இவ்வினாக்களுக்கு விடையாகவே யூதச் சமூகம் தனக்கெனக் கோடை இல்லங்களையும் முகாம்களையும் அமைக்கத் தொடங்கியது.

இப்பணியில் ஈடுபட்ட அமைப்புகளுள் முதன்மையானது எஜுகேஷனல் அலையன்ஸ் என்னும் கல்விக் கழகம். 1889-ஆம் ஆண்டில் தோன்றிய இக்கழகம் ஈஸ்ட் பிராட்வே வீதியில் எழுப்பிய ஐந்து மாடிக் கட்டடத்தில் ஆங்கில வகுப்புகள், நூலகம், உடற்பயிற்சிக் கூடம், குளியலறைகள் ஆகியவை இருந்தன. வெயிற்காலத்தில் குழந்தைகள் காற்று வாங்க மொட்டைமாடியில் ஒரு தோட்டமும் அமைந்திருந்தது. இதன் தலைவராக நெடுநாள் விளங்கிய இசிடோர் ஸ்ட்ராஸ், மேசீஸ் எனும் பெரும் பண்டகசாலையின் உரிமையாளர். 1912-ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பலோடு மூழ்கி உயிர்நீத்தவர்.

கழகத்தை நிறுவியவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்னரே செருமானிய நாட்டிலிருந்து வந்து செல்வமடைந்த யூதர்கள். புதிதாய் வந்த கிழக்கு ஐரோப்பிய யூதர்கள்பால் அவர்களுக்கு இரக்கமும் இருந்தது, கூச்சமும் இருந்தது. இவர்களின் உடையும் நடையும் இத்திய மொழிப் பேச்சும் தம் மதிப்பைக் குறைத்துவிடுமோ என அஞ்சினர். எனவே, வந்தவர்களை விரைவில் அமெரிக்கராக்கிவிட வேண்டும் என்பதே தொடக்கத்தில் கழகத்தின் நோக்கமாயிற்று. இத்திய மொழிக்கு அங்கு இடமளிக்கப்படவில்லை. ஏழைகள் கழகத்தின் உதவியைப் பெற்றுக்கொண்டனர். ஆனால் உள்ளத்தில் ஒரு தழும்பும் ஏற்பட்டது. 1898-ஆம் ஆண்டில் கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற டேவிட் பிளாஸ்டீன் இந்நிலையை உணர்ந்தார். மக்களின் மொழிக்கும் மரபுக்கும் மதிப்பளிக்கும் வழியில் கழகத்தைச் செலுத்த அவர் முயன்றார்.

அவருடைய காலத்தில்தான், 1902-ஆம் ஆண்டில், சர்ப்ரைஸ் லேக் முகாம் தொடங்கப்பெற்றது. நியூயார்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவில், அட்சன் ஆற்றங்கரையில் கோல்டு ஸ்பிரிங் என்னும் சிற்றூர் உள்ளது. அதனையடுத்த மலைகளின் நடுவே இருந்த ஏரியே முகாமுக்குப் பெயர் தந்தது. 'வியப்பேரி' என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். வாழ்நாளில் மரநிழலையே அறியாத சிறுவர்க்கு அவ்வேரி வியப்பாகவே இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவின் மிகப் பழைய யூதச் சிறுவர் முகாம்களுள் ஒன்றாக அது இன்றும் நடைபெற்று வருகிறது.

பாட்டி வளர்த்த பிள்ளை

முகாம் தோன்றிய ஆண்டில் எடி கேண்டருக்கு வயது பத்து. 1892-ஆம் ஆண்டில் கீழைக் கிழக்குப் பகுதியில், உருசியாவிலிருந்து குடியேறிய இஸ்கோவிட்ஸ் என்னும் குடும்பத்தில் அவர் பிறந்தார். பேச்சு முதிருமுன்னரே தாயை இழந்தார். தந்தையும் விரைவில் மறைந்தார். ஆதரவற்ற அக்குழந்தையை ஏற்றுக்கொண்டவர் தாயைப் பெற்ற பாட்டியான எஸ்தர். அவர் அப்போது அறுபது வயதைக் கடந்த மூதாட்டி; ஆங்கிலம் அறியாதவர்; சொத்து என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லாதவர்.

எஸ்தர் பாட்டி கூடையில் சில்லறைப் பொருள்களைச் சுமந்து, படிப்படியாய் ஏறி, வீடுவீடாய் விற்றார். கப்பலில் வந்திறங்கிய ஏழைப் பெண்களுக்கு வீட்டுவேலை தேடித்தரும் பணியையும் மேற்கொண்டார். வேலை கிடைக்கும்வரை அப்பெண்கள் தங்குவதற்கும் இடம் வேண்டுமல்லவா? பாட்டியும் பேரனும் வாழ்ந்த நிலவறை வீட்டின் தரையே அவர்களுக்குப் படுக்கையாயிற்று. தனக்கே போதாத இடத்தைப் பிறருக்குப் பகிர்ந்தளித்த அம்மூதாட்டியே எடியின் முதல் ஆசான். கொடுப்பதற்குச் செல்வம் முன்தேவை அன்று என்னும் பாடத்தை அவர் ஏட்டில் பயிலவில்லை. தரையில் படுத்தே பயின்றார்.

அவரது பெயர் மாறிய நிகழ்ச்சியும் அப்பாட்டியோடு தொடர்புடையதே. பேரனைப் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது பாட்டி தம் குடும்பப் பெயரான 'கேண்ட்ரோவிட்ஸ்' என்பதைக் கூறினார். பதிவேட்டில் எழுதியவர் அதில் பாதியை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதியே பின்னாளில் நாடறிந்த பெயராயிற்று. 'எடி' என்ற பெயரோ, அவர் மணந்துகொண்ட ஐடா தோபியாஸ் என்னும் பெண் விரும்பிச் சூட்டியது.

உழைக்கும் பாட்டியால் நாள் முழுதும் பேரனைக் கண்காணிக்க இயலவில்லை. சிறுவன் தெருவிலேயே வளர்ந்தான். பள்ளிக்கு மட்டம் போட்டான். முரட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து சிறுசிறு திருட்டுகளிலும் ஈடுபட்டான். 1928-ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்றில் அவற்றை அவர் மறைக்கவில்லை. அன்று அச்சிறுவனைக் கண்ட எவரும் அவனுக்கு நல்லதோர் எதிர்காலம் உண்டெனக் கூறியிருக்கமாட்டார். அவனிடம் இருந்த ஒரே செல்வம் பிறரைச் சிரிக்கவைக்கும் ஆற்றல். அதனைச் செல்வமென்று ஏற்கத் தெருவில் ஆளில்லை. பள்ளியிலோ அது குற்றமாகவே எண்ணப்பட்டது.

தீமூட்டத்தின் அருகே

இந்நிலையில்தான் கல்விக் கழகம் அவனைச் சர்ப்ரைஸ் லேக் முகாமுக்கு அனுப்பிவைத்தது. கட்டணம் செலுத்த வழியில்லாத பிள்ளைகளுள் அவனும் ஒருவன். அங்கு அவனுக்குக் கிடைத்தவை எளியவையே: நல்ல உணவு, தூய காற்று, நீந்துவதற்கு ஏரி, ஓடுவதற்குப் புல்வெளி. நகரத்து நிலவறையிலிருந்து வந்த பிள்ளைக்கு அவை எத்துணைப் பெரியவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே அவனுக்கு மற்றொன்றும் கிடைத்தது. மாலைதோறும் முகாமில் தீமூட்டிச் சுற்றி அமர்வது வழக்கம். பாட்டும் கதையும் நடிப்பும் அங்கு இடம்பெறும். கழகம் அனுப்பிய இலவசச் சிறுவன் அவ்வட்டத்தின் நடுவே எழுந்து நின்றான். தெருமுனைகளில் கற்ற வித்தைகளையெல்லாம் காட்டினான், விழிகளை உருட்டினான், பெரியவர்களைப் போல் பேசி நடித்தான். கூடியிருந்தோர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தனர். இவன் இருந்தால் முகாம் களைகட்டும் என உணர்ந்த பொறுப்பாளர்கள், அவன் தங்கும் நாள்களை நீட்டித்தனர். சிரிப்பைக் கொடுத்து நாள்களைப் பெற்றான் அச்சிறுவன்.

கல்விப் பணியில் உள்ளோர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம் இதுவாகும். கழகத்தின் பிற உதவிகளைப் பெறுகையில் ஏழைச் சிறுவன் பெறுபவனாக மட்டுமே நின்றான். அவனிடம் இல்லாதவை எவையெவை என்றே அவை அவனுக்கு நினைவூட்டின. தீமூட்டத்தின் அருகிலோ அவனிடம் இருப்பது யாது என்று கேட்கப்பட்டது. அவனும் கொடுக்கக்கூடியவன் என்பது அன்று முதன்முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. பெறுபவனைத் தாழ்த்தும் உதவியைப் பெற்றவன் மறக்கவே விரும்புவான். பெறுபவனும் கொடுப்பதற்கு இடம்தரும் உதவியையோ அவன் வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை. கேண்டர் தம் புகழின் உச்சியிலும் அம்முகாமின் பெயரைப் பெருமையோடு கூறிவந்ததன் காரணம் இதுவே எனலாம்.

மேடையும் புகழும்

முகாமில் அரும்பிய கலை நகரில் மலர்ந்தது. பவரி வீதியில் இருந்த மைனர்ஸ் அரங்கில் புதியோர்க்கான போட்டி ஒன்றில் கலந்துகொண்டு 5 டாலர் பரிசு பெற்றார் கேண்டர். பின்னர்க் கோனித் தீவு உணவகம் ஒன்றில் பாடிக்கொண்டே உணவு பரிமாறும் பணியாளரானார். அங்குப் பியானோ வாசித்தவர், பிற்காலத்தில் புகழ்பெற்ற ஜிம்மி டுராண்டி. படிப்படியாக முன்னேறி 1917-ஆம் ஆண்டில் பிராட்வே நாடக உலகின் உச்சமாகக் கருதப்பட்ட சீக்ஃபெல்டு குழுவின் 'ஃபாலீஸ்' நிகழ்ச்சியில் இடம்பெற்றார். அதே ஆண்டின் தொடக்கத்தில் எஸ்தர் பாட்டி காலமானார். பேரன் அவ்வுயர்வை அடைந்ததைக் காண அம்மூதாட்டிக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1923-இல் 'கிட் பூட்ஸ்', 1928-இல் 'வூப்பி' ஆகிய இசை நாடகங்கள் அவரைப் பெருஞ்செல்வராக்கின. 1929-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தபோது அச்செல்வம் முழுவதும் கரைந்தது. மனைவியும் ஐந்து பெண்மக்களும் உள்ள குடும்பத்தலைவர் ஒரு வாரத்தில் வெறுங்கையரானார். அவர் சோர்ந்து அமரவில்லை. தம் வீழ்ச்சியையே நகைச்சுவையாக்கி ஒரு சிறு நூல் எழுதினார். மக்கள் அதனை விரும்பி வாங்கினர். 1930-இல் திரைப்படமும், 1931-இல் வானொலியும் அவரை மீண்டும் உயர்த்தின. 1930-களில் ஞாயிறு இரவுகளில் அவரது குரல் ஒலிக்காத வீடு அரிது என்னும் அளவுக்கு அவர் புகழ் பரவியது.

திரும்பி வந்த நன்றி

புகழ் பெற்றோர் பலர் தம் இளமை வறுமையை மறைக்க முற்படுவர். கேண்டர் அதற்கு மாறானவர். தாம் இலவசமாகத் தங்கிய முகாமுக்கு இனி வரும் சிறுவர்களை அனுப்புவது தம் கடமை எனக் கொண்டார். தம் பணத்தைக் கொடுத்ததோடு அவர் அமையவில்லை. தம் பெயரையும் கலையையும் அதற்கெனத் தந்தார். அவர் பெயரைத் தாங்கிய முகாம்க் குழு ஒன்று அமைந்தது. கலைநிகழ்ச்சிகள் நடத்தியும் நண்பர்களை வேண்டியும் அக்குழு நிதி திரட்டியது. கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகள் கோடைதோறும் அந்நிதியால் மலையேறினர்.

மற்றப் புரவலர்கள் அம்முகாமைப் பற்றிக் கேள்வியுற்றுக் கொடுத்தனர். கேண்டரோ அதன் தரையில் படுத்தெழுந்தவர். எனவே அவர் பேசியபோது அறிக்கைகளுக்கோ புள்ளிவிவரங்களுக்கோ தேவை எழவில்லை. 'நான் அங்கிருந்து வந்தவன்' என்னும் ஒரு செய்தியே பிறரின் பணப்பையைத் திறக்கப் போதுமானதாயிற்று.

எல்லாக் குழந்தைகளுக்காகவும்

ஓர் ஏரிக்கரையில் தோன்றிய இவ்வுணர்வு அங்கேயே நின்றுவிடவில்லை. 1933-ஆம் ஆண்டில் இட்லர் செருமனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். அந்நாட்டு யூதப் பிள்ளைகளைப் பாலத்தீனத்திற்கு அனுப்பிக் காப்பாற்ற 'இளைஞர் அலியா' என்னும் இயக்கம் தோன்றியது. பெர்லினில் ரேகா ஃபிரையர் தொடங்கிய அவ்வியக்கத்தை எருசலேமிலிருந்து என்ரியட்டா சோல்டு வழிநடத்தினார். அமெரிக்காவில் ஹடாசா என்னும் யூத மகளிர் அமைப்பு அதற்கு நிதி திரட்டியது. அம்மகளிருக்குத் தோள்கொடுத்து நின்ற கலைஞர்களுள் கேண்டர் முன்வரிசையில் இருந்தார். ஊர் ஊராகச் சென்று பேசினார். 1938-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் சென்று நிதி திரட்டினார். ஒருகாலத்தில் அவரை நகரத்து வெப்பத்திலிருந்து காப்பாற்ற ஒரு முகாம் இருந்தது. இப்பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியதோ அதனினும் கொடிய நெருப்பிலிருந்து.

இதன்பொருட்டு அவர் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்நாளில் சார்லஸ் காஃப்ளின் என்னும் சமயகுரு வானொலி வாயிலாக யூத வெறுப்பைப் பரப்பிவந்தார். 1939-ஆம் ஆண்டில் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் நடந்த கூட்டமொன்றில் கேண்டர் அவரை வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் விளைவாக, அவரது வானொலி நிகழ்ச்சிக்கு ஆதரவு அளித்த வணிக நிறுவனம் விலகிக்கொண்டது. நாட்டின் புகழ்மிக்க குரல் ஓராண்டளவு வானொலியில் ஒலிக்காது போயிற்று. 1940-இல் நண்பர் ஜாக் பென்னியின் பரிந்துரையால் அவர் மீண்டும் வந்தார். வாய்மூடி இருந்திருந்தால் வருவாய்க்குக் குறைவு நேர்ந்திராது. அவர் அந்த இழப்பை அறிந்தே பேசினார்.

அவரது தொண்டு தம் இனத்தாரின் பிள்ளைகளோடு முடிந்துவிடவில்லை. இளம்பிள்ளை வாதம் அக்காலத்தில் அமெரிக்கப் பெற்றோரை நடுங்கவைத்த நோய். அந்நோயால் கால்கள் செயலிழந்த அதிபர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட் 1938-இல் அதனை ஒழிக்க ஓர் அறநிறுவனத்தைத் தோற்றுவித்தார். பெருஞ்செல்வரை மட்டும் நாடாமல், நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் பத்து செண்டு நாணயம் ஒன்றை நேரே அதிபர் மாளிகைக்கு அனுப்பட்டும் என்னும் கருத்தை வழங்கியவர் கேண்டர். 'டைம்களின் அணிவகுப்பு' எனப் பொருள்படும் பெயரையும் அவரே சூட்டினார். வானொலியில் வேண்டுகோள் ஒலித்தது. வெள்ளை மாளிகையின் அஞ்சலகம் நாணய உறைகளால் திணறியது. 26 இலட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள், அதாவது 2 இலட்சத்து 68 ஆயிரம் டாலர் வந்து குவிந்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்நிறுவனம் திரட்டிய நிதியே ஜோனஸ் சால்க் என்னும் அறிஞரின் ஆய்வுக்குத் துணைநின்றது. 1955-ஆம் ஆண்டு ஏப்பிரல் 12-ஆம் நாள் அவருடைய தடுப்பூசி பயனளிப்பதாக அறிவிக்கப்பட்டது.

இம்முயற்சியிலும் ஏரிக்கரைப் பாடத்தைக் காணலாம். பத்து செண்டு நாணயம் சிறுவன் கையிலும் இருக்கும். கூலியாள் கையிலும் இருக்கும். கொடுப்போர் வரிசையில் எளியவர்க்கும் இடம் உண்டு என்று அது கூறிற்று. தீமூட்டத்தின் நடுவே இலவசச் சிறுவனுக்குக் கிடைத்த இடத்தை, அவர் ஒரு நாட்டு மக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டார்.

வரலாறு எழுதுவோர் குறையையும் மறைத்தல் ஆகாது. முகத்தில் கரிபூசிக் கறுப்பின மக்களைப் போல் வேடமிடும் வழக்கம் அக்கால மேடையில் பரவியிருந்தது. கேண்டரும் அவ்வேடத்தில் பன்முறை தோன்றினார். ஓர் இனத்தையே இழிவுபடுத்திய அவ்வழக்கத்தை இன்று எவரும் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. அதே கேண்டர் 1952-ஆம் ஆண்டில் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆடிப்பாடி வியர்த்து நின்ற கறுப்பினக் கலைஞர் சாமி டேவிஸின் நெற்றியைத் தம் கைக்குட்டையால் துடைத்தார். வெறுப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுக்கு அஞ்சாமல் அவரை மீண்டும் தம் நிகழ்ச்சிக்கு அழைத்தார். மனிதர் தம் காலத்தின் குறையைச் சுமப்பவர். அதனைக் கடக்கவும் கூடியவர். இரண்டையும் சேர்த்துக் காண்பதே நேர்மையாகும்.

நிலைத்த சிறப்பு

1952-ஆம் ஆண்டில் ஏற்பட்ட மாரடைப்புக்குப் பின் கேண்டரின் கலைப்பணி குறைந்தது. திரைத்துறைக்கு அவர் ஆற்றிய தொண்டினைப் பாராட்டி 1957-இல் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பெற்றது. 1962-இல் மனைவி ஐடா மறைந்தார். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் கேண்டரும் மறைந்தார்.

அவர் வாழ்ந்த காலத்துக்குள்ளேயே யூதக் கோடை முகாம்களின் போக்கு மாறத் தொடங்கியிருந்தது. முதல் முகாம்கள் உடல்நலம் கருதித் தோன்றியவை. 1919-இல் தோன்றிய செஜ்வின் முகாம் யூதப் பண்பாட்டுக் கல்வியை நோக்கமாகக் கொண்டது. 1923-இல் தொழிலாளர் குடும்பங்களுக்காக எழுந்த கிண்டர்லாந்து முகாம் இத்திய மொழியைப் போற்றியது. 1941-இல் எழுந்த மசாது முகாமில் எபிரேய மொழியே பேச்சுமொழியாயிற்று. ஐரோப்பிய யூதர்களில் 60 இலட்சம் பேர் இரண்டாம் உலகப்போரில் படுகொலையுண்டனர். பழைய கல்விக்கூடங்களும் அவர்களோடு அழிந்தன. அதன்பின் மொழியையும் மரபையும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் பொறுப்பும் முகாம்கள்மேல் விழுந்தது. 1947-இல் தொடங்கிய ராமா முகாம் அப்பொறுப்பைப் பெரிதும் ஏற்றது. காற்று வாங்க அனுப்பப்பட்ட இடம், காலப்போக்கில் ஓர் இனம் தன்னைத்தானே மறவாதிருக்கும் இடமாயிற்று.

சர்ப்ரைஸ் லேக் முகாமிலும் தலைமுறைகள் மாறின. பின்னாளில் நடிகராகப் புகழ்பெற்ற வால்ட்டர் மாத்தாவ் சிறுவனாக அங்குத் தங்கியவர். பாடகர் நீல் டயமண்டும் அங்குத் தங்கியவரே. அவர் தங்கியிருந்தபோது முகாமுக்கு வந்து பாடிய பீட் சீகர் என்னும் நாட்டுப்புறப் பாடகரைக் கண்டே பாட்டெழுதும் ஆர்வம் கொண்டார். பெயர் அறியப்படாமல் வந்துபோன பிள்ளைகளோ ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் எவர் கேண்டரின் உதவியால் வந்தார், எவர் தம் பெற்றோர் செலவில் வந்தார் என்பது ஏரிக்குத் தெரியாது; உடன் நீந்திய பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டியதில்லை. உதவியின் உயர்ந்த நிலை அதுவே.

2002-ஆம் ஆண்டில் அம்முகாம் நூறாண்டு நிறைவெய்தியது. மேடையில் ஒலித்த கேண்டரின் பாடல்களை இன்று கேட்போர் சிலரே. உருட்டி விழிக்கும் அவரது கண்களை அறிந்த தலைமுறையும் ஏறத்தாழ மறைந்துவிட்டது. எனினும், கோடை தொடங்குந்தோறும் நகரத்துப் பிள்ளைகள் துணிமூட்டையோடு அம்மலைக்குச் செல்கின்றனர்.

ஒரு புரவலரைச் சிறப்பிக்கும் வழிகள் பல. சிலை எழுப்பலாம், விழா எடுக்கலாம், கட்டடத்துக்குப் பெயரிடலாம். கேண்டர் தமக்கு உதவியவர்களைச் சிறப்பித்த முறையோ வேறு. அவர்கள் தந்த இடத்தில் அடுத்த பிள்ளையைக் கொண்டுபோய் அமர்த்தினார். பிள்ளைகளிடம் இல்லாததைக் கண்டு இரங்கும் பெரியோர் எங்கும் உளர். பிள்ளையிடம் இருப்பதைக் கண்டு, அதனைக் கொடுப்பதற்கு ஓர் இடமும் ஒரு மாலைப்பொழுதும் ஒதுக்கித் தருவோர் சிலரே. நாளைய புரவலர்கள் உருவாவது அச்சிலரின் கைகளில்தான் என்பதைப் பாட்டி வளர்த்த அப்பிள்ளையின் வாழ்வு மெய்ப்பித்திருக்கிறது.